வளர வேண்டா, கரையாதிருந்தால் போதும்!

2023-ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மையார் பதுளையிலுள்ள என் அலுவலகத்தின் படியேறி வந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் கொழுந்து கொய்து காய்ப்பேறிய கைகள்; அந்தக் கைகளில் ஒரு வங்கிப் புத்தகம்; அந்தப் புத்தகத்தில் ஊழியர் சேமலாப நிதியிலிருந்து வந்து சேர்ந்த ஒன்பது இலட்சம் ரூபா. ஒரு வாழ்நாளின் வியர்வை அங்கே ஒரே வரியில் எழுதப்பட்டிருந்தது.

“ஐயா, இதை எங்க போடுறது?” என்று கேட்டார்.

“எங்கே போட்டால் நன்றாக வளரும் என்று கேட்கிறீர்களா, அம்மா?” என்றேன்.

“வளர வேணாங்க ஐயா. கரையாம இருந்தா போதும்” என்றார்.

சட்டம் படித்தவன் நான். ஆயினும் அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. என்னிடம் மட்டுமா? இந்த நாட்டின் மத்திய வங்கியிடமும் இல்லை, திறைசேரியிடமும் இல்லை, மலையக மக்களின் வாக்குகளைப் பெற்றுப் பாராளுமன்றம் சென்றவர்களிடமும் இல்லை. விடை இல்லாதது ஏன் என்பதைத்தான் இன்று இந்தப் பத்தியில் வழக்காடப் புகுகின்றேன். தீர்ப்புக் கூற வேண்டியவர்கள் வாசகப் பெருமக்களாகிய நீங்களே.

கரைத்தவர் யார்?

2022 ஏப்ரல் 12-ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று இலங்கை அரசு உலகுக்கு அறிவித்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியது. செப்டம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டுக்குள் 69.8 சதவீதம் ஏறியிருந்தது. உணவுப் பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 94.9 சதவீதம். டிசம்பரில் ஆண்டுக் கணக்கை முடித்தபோது ஏற்றம் 57.2 சதவீதம். இது கொழும்பு விலை. மலைக்கு ஏறிவரும் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் லொறிக்கூலி வேறு சேரும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதே 2022-ஆம் ஆண்டுக்கு ஊழியர் சேமலாப நிதி தன் அங்கத்தவர்களுக்கு வழங்கிய வட்டி 9 சதவீதம்.

கணக்கைச் சற்று நிதானமாகப் போட்டுப் பாருங்கள். ஆண்டின் தொடக்கத்தில் நிதியில் இருந்த 100 ரூபா, ஆண்டு முடிவில் 109 ரூபா ஆயிற்று. ஆனால் ஆண்டின் தொடக்கத்தில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான், ஆண்டு முடிவில் 157 ரூபா கேட்டது. அப்படியானால் அந்த 109 ரூபாவின் உண்மைப் பெறுமதி என்ன? ஏறத்தாழ 69 ரூபா. நூற்றுக்கு முப்பத்தொன்று போயிற்று! புத்தகத்திலே எண் ஏறிற்று. கடையிலே அரிசி குறைந்தது. திருடன் வரவில்லை, பூட்டு உடையவில்லை, எவரும் கையெழுத்திடவில்லை. ஆயினும் ஒவ்வொரு தொழிலாளியின் முதுமைக் காசிலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக மறைந்துவிட்டது. நம் அம்மையாரின் ஒன்பது இலட்சம், ஓராண்டுக்கு முந்திய விலையில் 5 இலட்சத்து 72 ஆயிரம் ரூபாவுக்கான பண்டத்தையே வாங்கும்.

“அந்தப் புயல் ஓய்ந்துவிட்டதே, இன்னும் ஏன் பழங்கதை?” என்பார் உளர். ஓய்ந்தது ஏற்றம், விலை இறங்கிப் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2023-இல் நிதி 13 சதவீதம் கொடுத்தது; அவ்வாண்டு டிசம்பரில் விலையேற்றம் 4 சதவீதமே. சரி, அதையும் சேர்த்துக்கொள்வோம். அப்போதும் பழைய 100 ரூபாவின் பெறுமதி 75 ரூபாவுக்கே மீண்டது. அதுவும் நிதியில் காத்திருந்தவர்களுக்கு. நம் அம்மையாரைப் போலப் பள்ளத்தின் அடியில் ஓய்வுபெற்றுப் பணத்தை எடுத்தவர்களுக்கு அந்த மீட்சியும் இல்லை.

உழைத்துக்கொண்டிருந்தவர்களேனும் ஈடுகட்டினார்களா? 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,000 ரூபா. அது மாறியது 2024 செப்டம்பரில். இடையில் விலைகள் வானளாவ ஏறிய காலம் முழுவதும் ஒரு நாள் பேருக்கு அதே 1,000 ரூபா. சம்பளமும் சுருங்கியது, சேமிப்பும் சுருங்கியது. இரண்டு பக்கமும் எரிந்த திரி நம் தொழிலாளி.

இருக்கும் வழிகள் எவை?

“சேமலாப நிதியை விட்டுத் தள்ளுங்கள், மக்கள் தாமே நல்ல வழியில் முதலிடக் கற்றுக்கொள்ள வேண்டும்” என்று கொழும்பில் குளிரூட்டிய அறையிலிருந்து உபதேசிப்போர் பலர். அந்த உபதேசத்தையும் புறந்தள்ளாமல் பார்ப்போம். அம்மையாரின் ஒன்பது இலட்சத்தை ஒவ்வொரு வாசலாகக் கொண்டு செல்வோம்.

முதல் வாசல், தேசிய சேமிப்பு வங்கி. வைப்புப் பணத்துக்கு அரசின் முழு உத்தரவாதம் உண்டு. ஆகவே பணம் தொலையாது என்பது உண்மை. ஆனால் அரசு உத்தரவாதம் அளிப்பது ரூபாவின் எண்ணிக்கைக்கு. அந்த ரூபா வாங்கும் அரிசிக்கு அன்று. 2022-இல் சாதாரணச் சேமிப்புக் கணக்கின் வட்டி ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை. நிலையான வைப்புக்கு ஆண்டின் பிற்பகுதியில் வங்கிகள் 20 சதவீதத்துக்கு மேலும் கொடுத்தன. 57-க்கு முன் 20 எம்மட்டு? அறுபது வயது கடந்த கணவரின் பெயரில் போடலாமென்றால், மூத்த குடிமக்களின் 15 இலட்சம் ரூபா வரையான வைப்புக்கு 15 சதவீதம் என்று இருந்த சிறப்புத் திட்டம், விலைகள் உச்சத்தில் நின்ற 2022 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. குடை தேவைப்படாத ஆண்டுகளில் குடை பிடித்தார்கள். மழை பெய்த அன்று மடக்கிக்கொண்டார்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில், சந்தை வட்டிக்கு மேல் 3 சதவீதம் என்று வேறொரு சலுகையை அறிவித்தார்கள். அதுவும் சந்தை வட்டியோடு கட்டப்பட்டதேயன்றி, சந்தைக்கடையின் விலையோடு கட்டப்பட்டதன்று.

இரண்டாம் வாசல், திறைசேரி உண்டியல். 2022-இன் பிற்பகுதியில் 91 நாள் உண்டியலுக்கு அரசு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தது. அதே அரசுதான், அதே கருவூலந்தான். கொழும்பில் கணக்குள்ளவனுக்கு 30-க்கு மேல். கொஸ்லந்தையில் கொழுந்து கொய்பவளுக்கு 9! உண்டியல் வாங்க எவரும் தடுக்கவில்லை என்பார்கள். தடுக்கவில்லைதான். ஆனால் அதற்கான கணக்கு, அதற்கான படிவம், அதை விளக்கும் ஓர் உத்தியோகத்தர், இவற்றில் எது தமிழில் லயத்து வாசலுக்கு வந்தது? திறந்த கதவென்றாலும், ஏணி இல்லாத மாடியில் இருக்கும் கதவு நமக்குச் சுவர்தான்.

மூன்றாம் வாசல், பங்குச் சந்தை. 2022 ஜனவரியில் கொழும்புச் சந்தையின் சுட்டெண் 13,000-ஐத் தாண்டியது. ஏப்ரலில் வீழ்ச்சி தாளாமல் சந்தையையே ஒரு வாரம் மூடினார்கள். 2025-இல் அதே சுட்டெண் 20,000-ஐயும் கடந்தது. காத்திருக்க முடிந்தவன் வென்றான்; அடுத்த மாத அரிசிக்கு விற்க நேர்ந்தவன் தோற்றான். இதில் அறிவு பாதி. அடுப்பில் உலை கொதிக்க வேறு வருவாய் இருப்பது மறுபாதி.

பங்கு என்ற சொல் தோட்டத்துக்குப் புதிதுமன்று. 1992-இல் தோட்டங்களுக்கெனப் பிராந்தியக் கம்பனிகள் அமைக்கப்பட்டு, பின்னர் அவை தனியாருக்கு விற்கப்பட்டபோது, 10 சதவீதப் பங்குகள் தொழிலாளருக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டன. எத்தனை வீட்டில் இன்று அந்தப் பத்திரம் இருக்கிறது? இறந்துபோன தந்தையின் ட்ரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்த காகிதத்தை, “இது எதுக்குங்க ஐயா?” என்று என்னிடம் கொண்டுவந்து காட்டிய பிள்ளைகள் உளர். உரிமையைக் கொடுத்தார்கள், உரிமையின் பொருளைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான்காம் வாசல், தங்கம். நம் தாய்மார் பொருளியல் நூல் படிக்காமலே கண்டறிந்த காப்பு இது. 2022-இல் ரூபா விழுந்தபோது பவுன் ஏறியது. கழுத்தில் கிடந்த தாலிக்கொடி, வங்கிப் புத்தகத்தைவிட நன்றாக உழைத்தது. இதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் தங்கம் ஒரு சதமும் வட்டி தராது. செய்கூலியும் சேதாரமும் முதலிலேயே ஒரு பங்கைத் தின்னும். அவசரம் வந்தால் அடகுக்கடைக்குப் போகும். போனது பலவேளை திரும்பாது. உலகச் சந்தையில் தங்கத்தின் விலை 2013 ஒரே ஆண்டில் கால்பங்குக்கு மேல் விழுந்ததையும் மறக்கலாகாது.

ஐந்தாம் வாசல், சீட்டு. பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஒருவர் எடுக்கும் சீட்டு, நம்பிக்கையின் மேல் நிற்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் விலை ஓடும் காலத்தில் முதற்சீட்டு எடுத்தவர் தகரம் வாங்கினார். பத்தாஞ்சீட்டு எடுத்தவர் அதே தொகைக்கு அந்தத் தகரத்தில் பாதியை வாங்கினார். ஏமாற்றியவர் எவருமில்லை, ஏமாந்தவர் மட்டும் இருந்தார். வட்டிக்கு ஆசைப்பட்டு நிதிக் கம்பனிகளின் கதவைத் தட்டியவர்களின் கதையோ 2008-இல் கோல்டன் கீ முறிந்தபோதும், 2020-இல் த பினான்ஸ் கம்பனியின் அனுமதிப் பத்திரம் இரத்தானபோதும் நாடறிந்தது. ஆளைச் சேர்த்தால் காசு என்னும் பிரமிட் திட்டங்களைப் பற்றி ஒரே ஒரு சொல்: அது சட்டவிரோதம், வாசலில் வைத்தே திருப்பி அனுப்புங்கள்.

ஆறாம் வாசல், நிலம். விலையேற்றத்துக்கு நிலத்தைவிட நல்ல அரண் ஏது? வெலிமடையில் உருளைக்கிழங்கு விளைவிக்கும் விவசாயிக்கு ஒரு துண்டுக் காணியேனும் உண்டு. தலைமுறை தலைமுறையாக இந்த மலையைப் பொன்னாக்கிய தொழிலாளருள் பெரும்பாலோருக்குத் தாம் உறங்கும் லயக் காம்பிராவின் மண்ணே சொந்தமில்லை. 2014 அக்டோபர் 29-ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கியது. மனிதர் புதைந்தனர், அவர்களோடு பெட்டியும், பெட்டிக்குள் இருந்த சிறு உடைமைகளும் புதைந்தன. ஆபத்து உண்டென்று முன்னரே எச்சரிக்கப்பட்ட மண் அது. உறுதிப் பத்திரமும் வேறு போக்கிடமும் இல்லாதவர்கள் அந்த எச்சரிக்கையை வைத்துக்கொண்டு எங்கே போவார்கள்? அவர்களிடம் “நிலத்தில் முதலிடுங்கள்” என்று சொல்வதற்கு எவருக்கு நாவெழும்?

ஆறு வாசல்களும் பார்த்தாயிற்று. வளர்ச்சி வேண்டுவோர்க்கு வழியுண்டு; ஆபத்தைத் தாங்கும் தோளுண்டெனில் ஆதாயமும் உண்டு. கரையாதிருந்தால் போதும் என்று கேட்ட ஏழைக்கு மட்டும் இந்நாட்டில் ஒரு வாசலும் இல்லை.

விருப்பம் என்ற பெயரில் வற்புறுத்தல்

கரைந்தது போதாதென்று கைவைத்தும் எடுத்தார்கள். 2023 ஜூலை 1-ஆம் நாள் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்குப் பாராளுமன்றம் ஒப்புதல் அளித்தது. சேமலாப நிதி முதலிய ஓய்வுகால நிதிகள் தம்மிடமிருந்த திறைசேரி முறிகளைக் கொடுத்துவிட்டு, நீண்ட தவணையுள்ள புதிய முறிகளை ஏற்க வேண்டும். அவற்றுக்கு 2026 வரை 12 சதவீதம், அதன்பின் 9 சதவீதம் வட்டி. இது விருப்பத்தின்பேரில் நடப்பது என்றார்கள். விரும்பாவிட்டால்? 14 சதவீதமாக இருந்த வருமான வரி 30 சதவீதமாகும் என்றார்கள். கழுத்தில் கத்தியை வைத்துப் பெற்ற கையெழுத்தை எந்த நீதிமன்றமும் சம்மதம் என்று ஏற்காது. சட்டக் கல்லூரியின் முதலாண்டு மாணவன் அறிந்த இந்த நியாயம், சட்டமியற்றும் மன்றத்துக்குத் தெரியாமற் போயிற்றா?

வங்கிகள் வைத்திருந்த முறிகளில் கைவைக்கவில்லை. வங்கி தளர்ந்தால் வைப்பாளர் அனைவரும் வீழ்வர் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தில் உண்மை உண்டு; மறுக்கமாட்டோம். ஆனால் சேமலாப நிதியும் வைப்பாளரின் பணந்தானே? 2023 முடிவில் 3 இலட்சம் கோடி ரூபாவுக்கு மேற்பட்டு நின்ற, நாட்டின் மிகப்பெரிய அந்த நிதி, எவருடைய பணம்? தொழிலாளி தன் சம்பளத்தில் 8 சதவீதமும், தொழில்கொள்வோர் 12 சதவீதமுமாக மாதந்தோறும் சேர்த்த பணம். பணமுள்ளவன் நினைத்தால் உண்டியலை விற்றுவிட்டு டொலருக்கு ஓடலாம். தொழிலாளி ஓடமுடியாது; ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது வரை அவன் பணம் கட்டப்பட்டுக் கிடக்கிறது. ஓட முடியாதவனையே பிடித்தார்கள். அநீதியின் சாரம் இதுவே.

சட்டத்தையும் புரட்டிப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டம். அங்கத்தவருக்கு அது உறுதி செய்யும் ஆகக் குறைந்த வட்டி எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்கு இரண்டரை சதவீதம்! அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. ரூபா எங்கிருந்து எங்கோ விழுந்துவிட்டது. அந்த இரண்டரை மட்டும் கல்லில் வெட்டிய எழுத்தாக நிற்கிறது.

பிற நாட்டார் செய்தது என்ன?

நாம் ஆகாயத்துப் பூவைக் கேட்கவில்லை. விலைச் சுட்டெண்ணோடு கட்டப்பட்ட சேமிப்புப் பத்திரம் உலகுக்குப் புதியதன்று. விலை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு பத்திரத்தின் பெறுமதியும் ஏறும். விலையேற்றம் 57 என்றால் பத்திரமும் 57. சூதாட்டமில்லை, செல்வம் பெருக்கும் மாயமுமில்லை. இட்டது இட்டபடி இருக்கும், அவ்வளவே. பிரிட்டனில் விலைவாசி வெறிகொண்டெழுந்த 1975-இல், ஓய்வுபெற்ற முதியோருக்கென்றே அந்நாட்டு அரசு இத்தகைய சேமிப்புப் பத்திரத்தை வெளியிட்டது. மக்கள் அதைப் ‘பாட்டிப் பத்திரம்’ என்று செல்லமாக அழைத்தனர். அமெரிக்காவில் 1998 முதல் 25 டொலர் கொடுத்தும் வாங்கக்கூடிய சேமிப்பு முறி உண்டு. ஒருவர் ஓராண்டில் வாங்கக்கூடியதற்கு வரம்பும் உண்டு. 2022 மே மாதத்தில், விலை ஏறியதால், அதன் வட்டி 9.62 சதவீதமாகத் தானே உயர்ந்தது.

இந்தியாவும் 2013 டிசம்பரில் முயன்றது. 1.5 சதவீத நிலையான வட்டியும் அதன்மேல் நுகர்வோர் விலையேற்றமும் தருவதாக ரிசர்வ் வங்கி முறி வெளியிட்டது. அது எடுபடவில்லை. ஏன்? தவணை 10 ஆண்டு. வட்டி கைக்கு வராமல் முதலோடு சேர்ந்தது. விற்பனையும் சில மாதங்களே. அது திட்டத்தின் தோல்வியன்று, அதைத் தைத்த தையற்காரனின் தோல்வி. அளவறிந்து தைத்தால் சட்டை பொருந்தும்.

மறுப்புரைப்போருக்கு

“கடனில் மூழ்கிய அரசால் இதைத் தாங்க முடியுமா?” என்று கேட்பார்கள். விடை எளிது. 2023-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், விலைகளை நிலைநிறுத்துவதையே வங்கியின் முதற்கடமையாக்கியிருக்கிறது. பணவீக்கத்தை 5 சதவீத அளவில் வைத்திருப்போம் என்று அரசும் வங்கியும் ஒப்பந்தமும் செய்திருக்கின்றன. நன்று. சொன்ன சொல்லைக் காத்தால் இந்தப் பத்திரத்துக்கு அரசு கொடுக்க வேண்டியது ஆண்டுக்கு ஐந்தும் அதன்மேல் ஒரு சிறு தொகையுமே. சேமலாப நிதிக்கு வாக்களித்த ஒன்பதைவிட அது குறைவு! சொல்லைக் காப்பாற்றாவிட்டால்தான் செலவு ஏறும். ஆகவே கேட்கிறோம்: உங்கள் வாக்கில் உங்களுக்கே நம்பிக்கை இருந்தால், அதைப் பத்திரத்தில் எழுதிக் கையொப்பமிட ஏன் அஞ்சுகிறீர்கள்?

“சேமலாப நிதி ஈட்டுவதைத்தானே கொடுக்க முடியும்?” என்பது இரண்டாவது மறுப்பு. உண்மை. அந்த நிதியின் மிகப் பெரும்பகுதி அரசின் கடன் பத்திரங்களிலேயே கிடக்கிறது. அரசு விலையோடு கட்டிய முறியை நிதிக்குக் கொடுத்தால், நிதி அதே காப்பை அங்கத்தவருக்குக் கொடுக்கும். முடிச்சுப் போட்ட கையே அவிழ்க்கவும் வல்லது.

நாம் கேட்பது

ஒன்று: 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள இரண்டரை சதவீதத்தை நீக்கி, ஐந்தாண்டுச் சராசரி விலையேற்றத்துக்குக் குறையாத வட்டி என்று திருத்துக.

இரண்டு: சிறு சேமிப்பாளருக்கென, ஆளொருவருக்கு வரம்பிட்டு, விலைச் சுட்டெண்ணோடு கட்டிய பத்திரத்தைத் தபாற்கந்தோரிலும் தேசிய சேமிப்பு வங்கியிலும் தமிழிலும் சிங்களத்திலும் விற்பனை செய்க. நிலையான தொகையை ஓய்வூதியமாக எதிர்பார்த்திருக்கும் விவசாயிக்கும், சேமிப்புள்ள ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் இது உதவும். சிங்களக் கிராமத்துக் குடியானவனுக்கும் இது அரண், இதில் இனமில்லை.

மூன்று: 2022, 2023-ஆம் ஆண்டுகளில் ஓய்வுபெற்று, பள்ளத்தின் அடியில் பணம் பெற்றவர்களுக்கு ஈட்டுத்தொகை வழங்குக.

படித்த வாசகர்களே, உங்களுக்கும் ஒரு பணி உண்டு. உங்கள் தோட்டத்தில், உங்கள் ஊரில், பத்துப் பேரின் சேமலாப நிதிக் கூற்றை வாங்கிப் பாருங்கள். பெயர் சரியா, அடையாள அட்டை இலக்கம் சரியா, மாதந்தோறும் பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். கட்டாத தொழில்கொள்வோரிடமிருந்து 50 சதவீதம் வரை மேலதிகத் தொகை அறவிடச் சட்டம் இடங்கொடுக்கிறது. முறைப்பாட்டை எழுத்தில் தொழில் திணைக்களத்துக்கு அனுப்புங்கள். தோட்டத் தலைவர்மாரே, எந்தச் சங்கத்தின் கொடியின் கீழ் நின்றாலும், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இந்த மூன்று கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். சம்பளத்துக்காகப் போராடக் கற்ற நாம், சம்பாதித்ததைக் காக்கப் போராடவில்லை. அந்தப் பிழையை இனித் திருத்துவோம்.

அந்த அம்மையார் அன்று என்ன செய்தார் என்று கேட்பீர்கள். பாதியை நிலையான வைப்பில் போட்டார். மகளுக்கு இரண்டு வளையல் வாங்கினார். மீதியைக் கையோடு வைத்துக்கொண்டார். அதைவிட நல்ல வழியை என்னால் சொல்ல முடியவில்லை. படியிறங்கும்போது, “பரவாயில்லீங்க ஐயா” என்று எனக்கே ஆறுதல் சொல்லிச் சென்றார்.

பரவாயில்லை என்று அவர் சொல்லலாம். நாம் சொல்லலாகாது.